சேலம் வழியாகப் பேசிய மலையாளம்: டி.ஆர். சுந்தரத்தின் தொழில் வாழ்க்கை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே பொள்ளாச்சி, மேற்கே முதலமடையும் கொல்லங்கோடும். இரண்டு பக்கமும் சினிமாவுக்குப் பழகிய நிலம். 'தேவர் மகன்' (1992) பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. முதலமடையின் ஆலமரத்தடி ரயில் நிலையம் மலையாளப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வண்டிகளில் வந்து இறங்கும் படக்குழு வயலையும் மலையையும் பிடித்துக்கொண்டு கொச்சிக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுகிறது. இன்று இந்த வட்டாரம் படத்துக்குப் பின்னணி, அவ்வளவுதான். 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைமை வேறாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கோவையிலும் சேலத்திலும் படங்கள் முழுதாக உருவாகி வெளியே போயின. மலையாளம் திரையில் முதன்முதலாகப் பேசியதே சேலத்தில்தான். அந்தச் சேலத்து நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸை உண்டாக்கிய டி.ஆர். சுந்தரத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அவருடைய கண்டிப்பையும், அவரிடம் வேலை பார்த்துப் பின்னாளில் முதலமைச்சரான கருணாநிதியையும் எம்.ஜி.ஆரையும், நூற்றைத் தாண்டும் படக் கணக்கையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தப் பெருமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த மொழிக்காரரும் வந்து படம் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு வேலைத்தலத்தைச் சென்னைக்கு வெளியே நிலையாக நடத்திக் காட்டியதே அவருடைய தலையாய சாதனை என்பது என் முடிவு. அந்த வகையில் அவர் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு உரியவரோ, கேரளத்துக்கும் அவ்வளவு உரியவர்.

சுந்தரம் 1907-இல் திருச்செங்கோட்டில் நெசவு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவர் நாடக மேடை வழியாகவோ பாட்டு வழியாகவோ சினிமாவுக்கு வரவில்லை. ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற நிறுவனத்தில் பங்காளியாக, முதலீட்டாளராக வந்தார். தமிழ் பேசும்படம் அப்போது பிறந்து சில ஆண்டுகள்தான். தென்னாட்டில் வசதியான ஸ்டூடியோ இல்லாததால் தமிழ்ப் படக்குழுக்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேறிக்கொண்டிருந்தன. நடிகர், பக்கவாத்தியக்காரர், சமையல்காரர் வரை எல்லோரையும் கூட்டிச் சென்று மாதக்கணக்கில் தங்கவைத்துச் சாப்பாடு போடும் செலவில் படத்தின் லாபம் கரைந்தது. ஜவுளி ஆலையைப் பற்றிப் படித்தவர் கண்ணுக்கு இது உடனே உறுத்தியிருக்க வேண்டும். பருத்தி விளையும் இடத்திலேயே ஆலை வைப்பதுபோல், நடிகர்கள் கிடைக்கும் இடத்திலேயே ஸ்டூடியோ வைத்தார். ஏற்காடு மலையடிவாரத்தில் எழுந்த மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படமான 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது. தளம், ஒலிப்பதிவு, லேப், கதை இலாகா எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். முதலாளி என்ற சொல் அங்கே அவர் ஒருவரைத்தான் குறித்தது.

சேலம் என்ற இடத்தேர்வைச் சொந்த ஊர்ப் பாசம் என்று தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து மலபார் போகும் பழைய ரயில்பாதை சேலம், போத்தனூர், பாலக்காடு, சொரனூர் என்றுதான் போகிறது. திருச்சூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ புறப்படும் ஒரு மலையாள நடிகருக்குச் சென்னையைவிடச் சேலம் பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தின் பகுதி. மலபாரும் சேலமும் கோவையும் ஒரே சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரியும்வரை இந்தக் கணவாயில் ஆட்சி எல்லை என்று பெரிதாக எதுவும் குறுக்கே நிற்கவில்லை. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938 ஜனவரியில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயரில் வந்ததையும், பத்தாண்டு கழித்து, பின்னணிப் பாட்டை மலையாளத்துக்குக் கொண்டுவந்த பி.ஜே. செறியானின் 'நிர்மலா' (1948) அதே சேலத்துத் தளத்தைத் தேடி வந்ததையும் இந்தப் பின்புலத்தில்தான் பார்க்க வேண்டும். நடுவிலே பெரும்பகுதிக் காலம் கேரளத்துக்குள் ஓடக்கூடிய ஸ்டூடியோ எதுவும் இருக்கவில்லை. ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா 1947-இல் தொடங்கியது, திருவனந்தபுரத்தில் பி. சுப்பிரமணியத்தின் மெரிலாண்ட் அதற்கும் பிறகு.

'பாலன்' சுந்தரத்தின் யோசனையே அல்லவே என்று கேட்கலாம். சரியான கேள்வி. மலையாளத்தில் ஒரு பேசும்படம் வேண்டும் என்று கதையோடு முதலில் முனைந்தவர் நாகர்கோவில்காரரான ஏ. சுந்தரம். வசனமும் பாட்டும் முதுகுளம் ராகவன் பிள்ளையுடையவை. இயக்கிய எஸ். நோட்டாணி மலையாளியே அல்லர். அப்படியானால் சேலத்து முதலாளிக்கு என்ன பங்கு? படத்தை முடித்துக் கொடுத்த பங்கு. அதைச் சிறிதென்று நினைப்பவர்கள் அதற்கு முந்தைய இரண்டு முயற்சிகளை நினைத்துப் பார்க்கலாம். 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் கைப்பொருளை இழந்து சினிமாவையே விட்டுப் போனார். 'மார்த்தாண்ட வர்மா' (1933) நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கிக் கொட்டகையிலிருந்து இறங்கியது. கேரளத்தில் ஆசைக்கும் கதைக்கும் பஞ்சம் இருக்கவில்லை. ஒரு படம் தோற்றாலும் அடுத்த மாதச் சம்பளம் கொடுக்க வல்ல நிறுவனம்தான் இருக்கவில்லை. தொடங்கியவர் கையைவிட்டுப் போன பிறகும் 'பாலன்' திரைக்கு வந்ததற்கு அந்த நிறுவனமே காரணம்.

இன்னொரு குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது: அது ஒரு தொழிற்சாலை, அங்கே கலை பிறக்கவில்லை என்பது. நடிகரும் கவிஞரும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டிய இடம் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கெடுபிடி சிலரை விரட்டியும் இருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலையின் 1950-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்திலிருந்து 'பொன்முடி'. குண்டலகேசிக் கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய நாடகத்திலிருந்து 'மந்திரி குமாரி'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து, எம்.என். நம்பியார் பல வேடங்கள் பூண்ட 'திகம்பர சாமியார்'. ஒரே வருடத்தில் ஒரு புதுக்கவிஞரின் காவியம், ஒரு பழங்காப்பியம், ஒரு துப்பறியும் நாவல். இவற்றில் 'மந்திரி குமாரி'யின் தலைப்பு அட்டையில் இயக்குநர்களாக எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் என்று இரு பெயர் இருக்கும். ஆரம்பித்தவர் அமெரிக்கர், அவர் இடையில் விலகியபின் முடித்தவர் முதலாளி. எழுத்துக்காரரான கருணாநிதியும் நாயகனான எம்.ஜி.ஆரும் அப்போது பெரிய பெயர்கள் அல்ல. ஒரு படத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் தயாரிப்பாளர் இந்தத் துணிச்சலுக்கு வரமாட்டார். ஆண்டுக்குப் பல படம் எடுப்பவரால் முடியும், ஏனென்றால் ஒன்றின் நட்டத்தை இன்னொன்று தாங்கும். முழுநீளத் தமிழ் வண்ணப்படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் வந்ததற்கும் இதே கணக்குத்தான். தொழிற்சாலை என்று இகழப்பட்ட அமைப்பேதான் அந்தப் பரிசோதனைகளுக்கு முதல் போட்டது.

இது சுந்தரம் ஒருவரின் தனித்திறமை என்று சொல்வதும் நேர்மையாகாது. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜாவும் இதே வழியில் நடந்தன. நாமக்கல் கவிஞரின் நாவலான 'மலைக்கள்ளன்' நாயுடுவின் கையில் ஆறு மொழி பேசியது: 1954-இல் தமிழ், அதே ஆண்டு தெலுங்கில் 'அக்கி ராமுடு', அடுத்த ஆண்டு திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்த இந்தி 'ஆசாத்', 1957-இல் மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கன்னடத்தில் 'பெட்டத கள்ளா', சிங்களத்தில் 'சூரசேனா'. ஒரு கதையைச் செதுக்கிவிட்டால் மொழி மாறும்போது நடிகரையும் வசனத்தையும் மாற்றினால் போதும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஒரே படம் பல மொழியில் வெளியாவதை இன்று புதுமையாகப் பேசுகிறார்கள். கோவையில் அதை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகவே எடுத்தார்கள், குரலை மட்டும் ஒட்டவில்லை.

மலையாளத் திறனாய்வாளர்கள் இங்கேதான் குறுக்கிடுவார்கள். சேலமும் கோவையும் தந்தது தமிழ்ப் படத்தின் நிழல். கேரள வாழ்க்கை திரைக்கு வந்தது 'நீலக்குயில்' (1954) வழியாகத்தான் என்பது அவர்கள் வாதம். அழகியலில் அது சரி. 'மலைக்கள்ள'னும் 'நீலக்குயி'லும் ஒரே ஆண்டில் தேசிய விருது பெற்றவை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் வேறுபாட்டை மறுக்க மாட்டார். ஆனால் சுந்தரம் அதற்குப் பிறகு செய்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1961-இல் அவரே தயாரித்து இயக்கிய 'கண்டம் பெச்ச கோட்டு' மலையாளத்தின் முதல் வண்ணப்படம். அவர் அதற்கு எடுத்துக்கொண்டது ராஜா ராணிக் கதையல்ல. மலபார் முஸ்லிம் குடும்ப வாழ்க்கையைச் சொல்லும் மேடை நாடகம். தலைப்பே ஒட்டுப்போட்ட கோட்டு என்பதுதான். ஹஜ் பயணத்துக்காகக் கோட்டில் காசு சேர்த்துவைத்திருக்கும் ஒரு செருப்புத் தைப்பவரின் கதை. வண்ணம் என்றால் அரண்மனையும் நடனமும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், அந்தச் செலவை ஓர் ஏழைத் தொழிலாளியின் கதைக்குக் கொடுத்திருக்கிறார். நிழல் என்ற சொல் இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

1963-இல் சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக நிறுவனத்தைச் சில காலம் நடத்தினார். பிறகு அது நின்றது. முதலாளியோடு போய்விட்டதை நிறுவனம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டால், பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் கைத்தொழில் கற்றவர்களை நிறைய உருவாக்கினார், தனக்குப் பின் முடிவெடுக்கக்கூடியவர்களை உருவாக்கவில்லை. மறுபாதி காலத்தின் வேலை. நட்சத்திரங்கள் மாதச் சம்பளத்திலிருந்து கால்ஷீட்டுக்கு மாறினார்கள். காமிரா இலேசாகி வெளிப்புறத்துக்குக் கிளம்பியது. சென்னையின் ஜெமினியும் வாகினியும்கூட மிஞ்சவில்லை. சேலத்தில் ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள்.

'பாலன்' படத்தின் பிரதி இன்று கிடையாது. பாட்டுப் புத்தகமும் சில நிழற்படங்களுமே சான்று. ஆனால் ஒரு ஸ்டூடியோ படச்சுருளை மட்டும் விட்டுச் செல்வதில்லை: சம்பளப் பதிவேடு, ஒப்பந்தத் தாள், விநியோகக் கணக்கு, கொட்டகைகளுக்கு அனுப்பிய பெட்டிகளின் ரசீது என்று எவ்வளவோ இருந்திருக்கும். அவற்றில் எஞ்சியவை சேலத்திலும் கோவையிலும் பாலக்காட்டிலும் பழைய வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். கேரள சலச்சித்ர அகாதமியும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து அவற்றைத் தேடித் தொகுக்க வேண்டும். எல்லைக்கு இருபுறமும் மொழி தெரிந்த நம் வட்டாரத்து இளைஞர்கள் இந்த வேலைக்கு முன்வர வேண்டும்.