டிக்கன்ஸும் வறியோர் சட்டமும்

வறியோர்க்கு உதவுதல் அறம் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. யார்க்கு, எவ்வளவு, எந்நிபந்தனையின் பேரில் உதவுவது என்னும் வினா எழும்போதே வாதம் தொடங்குகின்றது. திருவள்ளுவனார் 'இரவு' என ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்தே 'இரவச்சம்' எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. கேட்டே தீரவேண்டிய நிலையும் கேட்க அஞ்சும் மனமும் ஒருவரிடத்தே ஒருங்கிருத்தல் கூடும். சட்டம் இயற்றுவோர் அவ்வச்சத்தைத் தம் கருவியாகக் கொள்ளின் நேர்வது யாது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து சான்றாகும். அக்காலத்து நாவலாசிரியராகிய சாள்ஸ் டிக்கன்ஸ் 'ஒலிவர் துவிஸ்ற்', 'எமது பொது நண்பன்' என்னும் இரு நாவல்களில் இப்பொருளைக் கையாண்டார். இரண்டனுள் எது வாதத்தின் உயிர்நிலையைத் தொட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சட்டத்தின் வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 1601ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வொரு கோயிற்பற்றும் வரி தண்டித் தன் எல்லையிலுள்ள வறியோரைக் காத்தல் வேண்டும். 1795இல் பாக்சயர்ப் பகுதி நீதவான்கள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்திற் கூடி, பாணின் விலைக்கும் குடும்பத்தின் தொகைக்கும் ஏற்ப, குறைந்த கூலி பெறுவோர்க்கு உதவிப்பணம் வழங்கத் தீர்மானித்தனர். கருணையாற் பிறந்த இம்முறை, குறையைக் கோயிற்பற்றே நிரப்பும் என எண்ணிப் பண்ணைக்காரர் கூலியைக் குறைக்க வழி வகுத்தது என்பது சீர்திருத்தவாதிகளின் குற்றச்சாட்டு. 1832 அளவில் வறியோர்க்கான செலவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பவுணாக இருந்தது. அவ்வாண்டு நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவில் நாசோ சீனியர், எட்வின் சாட்விக் ஆகியோர் முதன்மை பெற்றனர். அவர்தம் அறிக்கையை ஒட்டி 1834இல் புதிய வறியோர் சட்டம் நிறைவேறிற்று.

உதவி பெறுவோன் நிலை, உழைத்துண்ணும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையினும் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைத் தத்துவம். உடல் வலியுள்ளோர்க்கு வறியோர் விடுதிக்கு வெளியே உதவி கிடையாது. விடுதியுட் புகின் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே பிரிக்கப்படுவர். சட்டம் வகுத்தோரை இரக்கமற்றோர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. விடுதி வெறுக்கத்தக்கதாயின் சோம்பர் அதனை நாடார். மெய்யாகவே கதியற்றோர் மட்டும் நாடுவர். ஆகவே எவரையும் விசாரியாமலே தகுதியுடையார் தாமே வெளிப்படுவர் என அவர் கருதினர். வெட்கத்தைச் சல்லடையாகக் கொண்ட திட்டம் இது.

'ஒலிவர் துவிஸ்ற்' 1837 பெப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை ஒரு சஞ்சிகையில் தொடராக வெளிவந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இன்னும் சிறிது கஞ்சி கேட்க, அது கலகமாகக் கருதப்படுகின்றது. அவனை அழைத்துச் செல்வோர்க்கு ஐந்து பவுண் வெகுமதி அறிவிக்கப்படுகின்றது. பசியை ஒழுங்கீனமாகக் காணும் நிர்வாகத்தின் மனப்பான்மையை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. வறியோரை ஆட்டிப்படைத்த பம்பிளும் அவர் மனைவியும் ஈற்றில் அதே விடுதியில் வறியோராய்ப் புகுந்து பிரிக்கப்படுகின்றனர். அங்கதத்தின் ஆற்றல் அவ்விடத்தில் நன்கு புலனாகின்றது.

ஆயினும், வாதமாக நோக்குங்கால் இந்நாவல் குறையுடையது. கோயிற்பற்றுச் சேவகர், கூலிக்குக் குழந்தை வளர்க்கும் மனை, பணங்கொடுத்துச் சிறுவரைத் தொழில் பயில அனுப்புதல் ஆகியவை பழைய சட்டத்தின்கீழேயே வழங்கியவை. பழையதன் பழியும் புதியதன் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. இதனினும் பெரிய குறை, கதையின் முடிவாகும். ஒலிவர் நற்குடிப் பிறந்தவன் என்பது வெளிப்படுகின்றது. செல்வரொருவர் அவனை மகனாக ஏற்கின்றார். அவனோடு கஞ்சிக் கிண்ணம் ஏந்தி நின்ற ஏனைய சிறுவர் கதி யாது? நாவல் விடை கூறவில்லை. தகுதியுடையார் யார் என்னும் சட்டத்தின் வினாவையே ஆசிரியரும் ஏற்று, தம் கதாநாயகனைத் தகுதியுடையான் எனக் காட்டி அமைகின்றார்.

1864–65இல் வெளிவந்த 'எமது பொது நண்பன்' நாவலில் வரும் பெற்றி ஹிக்டன் வேறொரு படைப்பு. குழந்தைகளைப் பார்த்தும் துணி அழுத்தியும் பிழைக்கும் இம்மூதாட்டிக்கு மரணத்தினும் வறியோர் விடுதியே பேரச்சம். தன்னை அடக்கஞ் செய்வதற்கான பணத்தை உடையினுள் தைத்து வைத்து, ஊர்விட்டு ஊர் நடந்து, தேம்சு நதிக்கரையில் உயிர் துறக்கின்றாள். இது மிகையன்று. 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டத்தின்படி, விடுதியில் இறந்து உரிமை கோரப்படாத உடல்கள் மருத்துவ மாணாக்கர் அறுத்துப் பயில அனுப்பப்படலாயின. 1845இல் அன்டோவர் விடுதியில், உரத்துக்காக எலும்பு இடித்த வறியோர் பசியால் அவ்வெலும்பிற் பற்றியிருந்ததைத் தின்றமை வெளிப்பட்டு, பாராளுமன்ற விசாரணைக்குள்ளாயிற்று. பெற்றியின் அச்சம் அக்காலத்து ஏழையர் பலரின் அச்சமேயாம்.

இப்பாத்திரத்தின் வாயிலாக டிக்கன்ஸ் சட்டத்தின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டார். வெட்கத்தைச் சல்லடையாக்கினால் வெளியே தள்ளப்படுவோன் நாணமற்ற சோம்பன் அல்லன், மானமுடைய உழைப்பாளியே. எவரைப் புரப்பதற்கெனச் சட்டம் எழுந்ததோ அவரையே அது விரட்டுகின்றது.

பெற்றி கற்பனைப் பாத்திரம். ஒருத்தியின் கதை கொண்டு சட்டமொன்றை மதிப்பிடலாமோ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. எளிதில் இரக்கம் பெறத்தக்க மூதாட்டியைத் தெரிந்தெடுத்த டிக்கன்ஸ், உழைக்க மனமில்லாதானை என் செய்வது என்பதற்கு ஈண்டும் விடை கூறவில்லை. ஆயினும் பிற்கால வரலாறு அவர் பக்கமே சான்று பகர்கின்றது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 70 வயதடைந்த வறியோர்க்கு வாரம் ஐந்து சிலிங் வரையில் தபாற் கந்தோர் வாயிலாக ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அதுகாறும் கோயிற்பற்றின் வாயிலை மிதியாத முதியோர் பலர் தபாற் கந்தோருக்குத் தயக்கமின்றி வந்தனர். வறுமை முன்னும் இருந்தது. வெட்கம் அதனை மறைத்திருந்தது. பழைய வறியோர் சட்டம் 1948இல் முற்றாக நீக்கப்பட்டது.

எமது நாடும் இவ்வாதத்திற்குப் புறம்பன்று. 1939இல் 'வறியோர் சட்டம்' என்னும் பெயரிலேயே இங்கும் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு 1978இல் குறைந்த வருமானத்தார்க்கென வரையறுக்கப்பட்டது. 1979இல் உணவு முத்திரையும், 1989இல் ஜனசவியவும், 1995இல் சமுர்த்தியும், 2023இல் அஸ்வெசுமவும் தொடர்ந்தன. 2023இல் தெரிவானோர் பட்டியல்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபனைகளும் கோரப்பட்டன. பொதுப்பணம் வீணாகாதிருக்கத் தெரிவு வேண்டும் என்பதை மறுத்தல் இயலாது. தகுதியற்றோர் எத்தனை பேர் உட்புகுந்தனர் என நாம் எண்ணுகின்றோம். அயலார் காணத் தன் வறுமையை மெய்ப்பிக்க நாணி, விண்ணப்பமே செய்யாதிருந்தோர் எத்தனை பேர் என்பதை எவர் எண்ணுகின்றனர்?

எந்தச் சீர்திருத்தத்தையும் அது மீதப்படுத்திய பணத்தால் மட்டும் மதிப்பிடுதல் ஆகாது. உதவி கேட்க வந்தவன் தலைநிமிர்ந்து திரும்பினானா என்பதும் நோக்கற்பாலது. நாவலின் முடிவிற் பிழைத்துக்கொண்ட ஒலிவரிலும், ஆற்றங்கரையில் மாய்ந்த பெற்றியே இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றாள்.