சோடாப் புட்டியா, சொற்போரா?

அருகருகே அமைந்த ஊர்கள் இரண்டு. நூற்பாலை நகர் இராசபாளையம்; கோபுர நகர் திருவில்லிபுத்தூர். 2018 சனவரி 7ஆம் நாள் முன்னதில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. பின்னதில் சினம் பொங்கி எழுந்தது. இரண்டுக்கும் இடையே காணாமற்போனது ஒன்று உண்டு. அதுதான் வாதம்!

கவிஞர் வைரமுத்து அன்று படித்தது ‘தமிழை ஆண்டாள்’. ஆண்டாளின் தமிழை வியந்து போற்றும் கட்டுரை. அதனூடே, ஆண்டாள் திருவரங்கக் கோயிலில் வாழ்ந்த தேவதாசி என ஆய்வாளர் எழுதிய வரியொன்று மேற்கோளாக வந்தது. ஆபாசம், அவமதிப்பு என்று கூவினர். கூவியவர் வாயிலிருந்து வந்தவை எவை? மேடையிலும் காணொளியிலும் கவிஞர்மீது பொழிந்த வசைகளை அச்சிலேற்ற நமது எழுதுகோல் கூசுகிறது. திருவில்லிபுத்தூர் மடத்துத் துறவியாரோ, சோடாப் புட்டி வீசவும் தெரியும் என்று பேசி, பின்னர் வருந்தினார். பக்தியின் பெயரால் பேசப்பட்ட மொழி இது!

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இல்லாமலா போயின? மேற்கோள் வந்த நூலை அமெரிக்க இண்டியானா பல்கலைக்கழக வெளியீடு என்றார் கவிஞர். அதுவோ 1978இல் சிம்லா உயராய்வு நிறுவனம் வெளியிட்ட நூல். பிழையைச் சுட்டலாம், தேவதாசி என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கலாம். கேட்டோர் சிலரின் குரல், வசையின் இரைச்சலில் எவர் செவியில் விழுந்தது?

இன்னொன்றும் கேட்கிறோம். தேவதாசி என்ற சொல் ஏன் இத்தனை சுடுகிறது? பெண்ணுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு ஒப்படைத்த முறையை மூவலூர் இராமாமிர்தமும் மருத்துவர் முத்துலட்சுமியும் எதிர்த்து நின்றனர். 1947இல் சட்டம் அதனைத் தடுத்தது. வெட்கம் அந்த முறைக்கா, அதற்கு இரையான பெண்ணுக்கா?

1943ஐ எண்ணிப் பாருங்கள். கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பதைவிடக் கொதிப்பேற்றும் கேள்வி ஏது? ஆயினும் சென்னைச் சட்டக் கல்லூரியில் இரா. பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அண்ணாவுடன் ஒரே மேடையில் சொற்போர் நடத்தினர். மறுத்தனர், மதித்தனர். கேட்டோர் எடைபோட்டனர்.

2018இலோ வழக்குகள் பாய்ந்தன. கவிஞர் கூறியது மேற்கோளே என்று கண்ட சென்னை உயர்நீதிமன்றம், காவல்துறை நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. நன்று! ஆனால் ஆண்டாள் யார் என்பதை ஆராயும் வேலை வழக்கு மன்றத்தினுடையதா? ஊர் மன்றத்தினுடையது அன்றோ!

இளைஞர்களே, வசைக்கு வசை நம் வழியன்று. அது எதிரியின் ஆயுதத்துக்கு நாமே சாணை பிடிப்பதாகும். நூலைத் தேடுங்கள், பக்கத்தைப் புரட்டுங்கள், மாற்றுக் கருத்தினரைப் படிப்பகத்துக்கு அழையுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை அமைதியாகக் கேளுங்கள். பிறகு சான்றோடு எழுந்து நில்லுங்கள். கேள்விக்கு மேடை தரும் ஊரே நகரம். மற்றவை வெறும் கட்டடக் கூட்டம்!