குடல் அழற்சிக்குக் குருதிச் சோதனை: ஒரு மதிப்பீடு

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கும் வலியும் உடல் மெலிவும் கொண்ட ஒருவருக்கு வந்திருப்பது குரோன் நோயா, பெருங்குடற் புண் அழற்சியா, வேறெதுவுமா என்று கண்டறிவது எளிதன்று. உள்நோக்கிக் குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்க வேண்டும். திசுவைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். இவற்றுக்குப் பதிலாகச் சிறிதளவு குருதி போதுமென்றால் யார்தான் வேண்டாமென்பார்? இந்த ஆசையே எதிர்ப்பொருள் சோதனைகளுக்கு அவற்றின் தகுதியை மீறிய மதிப்பைத் தந்துவிடுகிறது.

இவற்றுள் முக்கியமானவை இரண்டு. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு எதிரான பொருள் குரோன் நோயாளர் பலரின் குருதியில் மிகுந்திருப்பதாக 1988இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதைத் தேடுவது ‘ஆஸ்கா’ சோதனை. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களுக்கு எதிராக உடலே உண்டாக்கும் பொருளைத் தேடுவது ‘பி-ஆன்கா’. இது பெருங்குடற் புண் அழற்சியில் மிகுதி.

அறுபது ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. ஆஸ்கா ‘உண்டு’, பி-ஆன்கா ‘இல்லை’ என்ற விடையைக் குரோன் நோயின் அடையாளமாகக் கொண்டால், அந்நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ 55 பேர் மட்டுமே அகப்படுவர். அந்நோய் இல்லாத நூற்றுவரில் 93 பேருக்குச் சரியான விடை கிடைக்கும்.

93 என்றதும் மயங்கிவிடலாகாது. வயிற்றுவலியுடன் வரும் 1000 பேரில் 10 பேருக்குக் குரோன் நோய் இருப்பதாகக் கொள்வோம். பத்துப் பேரில் ஐந்தாறு பேரே பிடிபடுவர். எஞ்சிய 990 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கும் தவறாக ‘உண்டு’ என்று வரும். ஆக, ‘உண்டு’ என்று சீட்டு வாங்கிய 75 பேரில் மெய்யான நோயாளர் ஐந்தாறு பேரே! சோதனை மாறவில்லை; அதை யாருக்குச் செய்கிறோம் என்பதே விடையின் மதிப்பை மாற்றிவிடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடற் காசநோய் குரோன் நோயைப் போலவே தோன்றும். ஆஸ்கா இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை என்று தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் 2007இல் எழுதினர். இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. குரோன் நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குபவை. காசநோயாளிக்கு அவற்றைத் தந்தால், அடங்கியிருக்கும் கிருமிகள் தலைதூக்கும்.

அப்படியானால் இச்சோதனைகள் பயனற்றவையா? அல்ல. குடல் அழற்சி நோய் என்று உறுதியான பின்னும் இரண்டில் எது என்று தெளிவுபடாதபோது இவை துணைச் சான்றாகலாம். குடலில் அழற்சி இருக்கிறதா என்று முதலில் அறிய, மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை அளப்பதே மேலானது. அதுவும் நோயின் பெயரைச் சொல்லாது. சோதனைச் சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று கண்டு அஞ்சுவோரும், ‘நெகட்டிவ்’ என்று கண்டு மருத்துவரிடம் செல்லாது நின்றுவிடுவோரும் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.