மடன் தந்த நகை

பழைய செய்தித்தாள் தலைப்புகளைத் தொகுத்து நகையாடுவது எழுத்தாளர்க்கு நெடுநாள் வழக்கம். அத்தொகுப்புகளில் அடிக்கடி இடம்பெறுவது, அமெரிக்காவின் சிக்காகோ டெய்லி டிரிப்யூன் 1948 நவம்பர் 3ஆம் நாளுக்கென வெளியிட்ட முதற்பக்கத் தலைப்பாகும்: ‘டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்.’ அதிபர் தேர்தலில் வென்றவரோ ட்ரூமன்! அவர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 303. டியூயி பெற்றவை 189.

இதனை எடுத்தாள்வோர் பலரும் எள்ளலோடு நின்றுவிடுகின்றனர். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு களங்களுள் எள்ளல் ஒன்று, மடன் மற்றொன்று. பிறர் உரைத்ததை ஆராயாது பற்றிக்கொள்வதே மடன். இத்தலைப்பின் சுவை அங்கேதான் உள்ளது என்போம். அச்சுக்கோப்போர் வேலைநிறுத்தத்தால் இதழை வழக்கத்தினும் முன்னதாக அச்சேற்ற வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கையோ முடிந்தபாடில்லை. டியூயியே வெல்வார் என்றனர் கருத்துக்கணிப்பாளர். பழுத்த அனுபவமுடைய வாஷிங்டன் செய்தியாளரும் அதனையே உரைத்தார். எல்லாம் அச்சேறின, ஐயம் ஒன்றுதான் அச்சேறவில்லை.

நவம்பர் 4ஆம் நாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அவ்விதழை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார். இத்தலைப்பையொட்டி எழுந்த நகைச்சுவைகளுள் அதுவே தலையாயது. தலைப்பையே பேசவிட்டு அவர் சிரித்து நின்றார்.

அச்சில் கண்டதை அப்படியே நம்பிவிடும் மடன் வாசகராகிய நமக்கும் உண்டு. அதனை உணர்த்தாது இதழை மட்டும் எள்ளும் துணுக்கு, ஒருமுறை சிரித்ததும் தீர்ந்துபோகும். உணர்த்தும் துணுக்கோ, நாளைய நாளிதழை நாம் பிரிக்கும்போதும் உடன்வரும்.