மூன்று குழலில் ஒரு காம்போதி

தேர்ந்த நாகசுரக்காரர் ஒருவர் காம்போதியைத் தொடங்கும் முதல் சுரத்தை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கீர்த்தனை வரட்டும், தவில் சேரட்டும், பல்லவி விரியட்டும். அவை எல்லாம் பிறகு. அந்த முதல் சுரம் எந்தக் கணத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாது. மூச்சு வருகிறது, மூச்சு நாதமாகக் கனிகிறது, நாதம் தன் சுருதியில் போய் அமர்கிறது. ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிடும் இந்த மூன்றும் காதுக்கு மூன்று தனித்தனிச் சுகம்.

சாக்ஸபோன் பழகும் இளைஞர்களுக்கு ஒரு கட்டம் வரும். விரல் தவறாமல் ஓடுகிறது, சுருதி நிற்கிறது, சுரங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. ஆனால் கேட்பவர் மனம் அசையவில்லை. இன்னும் பாவத்தோடு வாசிப்பது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் காது வளர்த்தவர்களுக்கு விடை ஊருக்குள்ளேயே இருக்கிறது. காவிரியின் தென்கரையில் ஒரு கிளாரினெட். ஆற்றைக் கடந்தால் தீவில் ஒரு நாகசுரம். இரண்டையும் ஆசைதீரக் கேட்ட காதோடு சாக்ஸபோனிடம் போனால், அந்தப் பித்தளைக் குழல் வேறு முகம் காட்டும்.

ஸ்ரீரங்கத்து நாகசுரம் என்றதும் மனத்தில் வந்து நிற்பவர் ஷேக் சின்ன மௌலானா. 1924-இல் ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்துவந்த இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தவர். தஞ்சாவூர் பாணியை முறையாகக் கற்றுக்கொள்ள நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து சேர்ந்தவர். பிறகு அரங்கன் ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை இங்கே நிறுவிச் சீடர்களை வளர்த்தார். 1999-இல் இங்கேயே மறைந்தார். அந்தச் சீடப் பரம்பரையில் வந்த காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி தம்பதியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சின்ன மௌலானாவின் வாசிப்பில் முதலில் மயக்குவது மென்மை. நாகசுரம் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். நான்கு வீதிக்கும் கேட்க வேண்டிய கம்பீரக் குரல் அதற்கு. அப்பேர்ப்பட்ட குழலில் அவர் ஒரு கார்வை பிடிப்பதைக் கேளுங்கள். சுரம் மெலிதாகப் புறப்படுகிறது, நடுவில் நிறைகிறது, முடிவில் தேய்ந்து தேய்ந்து ஓய்கிறது. சுருதி மட்டும் இம்மியும் விலகுவதில்லை. இது எவ்வளவு அரிய காரியம் என்பது ஊதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சைக் குறைத்தால் சுருதி நழுவப் பார்க்கும். நழுவுவதற்குள் உதடு அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பலமாக ஊதுவதற்கு வேண்டிய தெம்பைவிட மெதுவாக ஊதுவதற்கு வேண்டிய தெம்பு அதிகம். கேட்பவருக்கோ அந்தப் பாடு எதுவும் தெரியாது. நாதம் குழைகிறது என்பது மட்டும் தெரியும்.

இந்த நிதானம் ஸ்ரீரங்கத்துக்கு மிகவும் பொருந்திய நிதானம். நடையழகுக்குப் பேர்போனவர் இவ்வூர் உற்சவர் நம்பெருமாள். ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் அவர் அசைந்து அசைந்து எழுந்தருளும் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் எதற்கும் அவசரம் கிடையாது. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியமே இல்லை, லயமும் நாதமும்தான். அப்புறம் ராகம். பெருமாள் ஒரு மண்டகப்படியிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேரும்வரை ஒரே ராகத்தை விரித்துக்கொண்டே போகலாம். மேடையில் அரை மணி நேரக் கணக்கு உண்டு, வீதியில் கிடையாது. ஒரு சுரத்தில் நின்று அதன் அழகு முழுவதையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பொறுமையை நாகசுரக்காரர்கள் இந்தத் தெருக்களில்தான் பழகியிருக்க வேண்டும்.

இப்போது சீவாளியை அருகே வைத்துப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொருள். நாணல் தட்டையை மெல்லியதாகச் சீவி, இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்படி கட்டியது. வித்துவான் அதை வாயில் வைத்து நனைத்துப் பதம் பார்க்கிறார், கெண்டையில் செருகுகிறார், பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு, குழலோடு தொங்கும் சரத்திலிருந்து இன்னொன்றை எடுக்கிறார். ஆச்சா மரத்தில் கடைந்த அத்தனை நீள உலவும், விரிந்த அணசும், இந்த இரண்டு இதழ்கள் நடுங்கினால்தான் பேசும். உதட்டைச் சற்றே இறுக்கினால் சுரம் உயரும், தளர்த்தினால் தாழும். பாவத்தின் முதல் வாசல் அங்கேதான் இருக்கிறது.

காம்போதியின் நிஷாதத்தில் அந்த வாசல் திறப்பதைக் கேட்கலாம். இந்த ராகத்துக்கு உரியது கைசிகி நிஷாதம். ஆனால் ‘ச நி ப த ச’ என்று இறங்கித் திரும்பும் ஒரே ஒரு பிரயோகத்தில் மட்டும் காகலி நிஷாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வந்த சுவடு தெரியாமல் வந்து, அதற்குள் மறைந்துவிடும். ராகத்தின் முகத்தில் புன்னகை படர்கிற இடம் அது. நாகசுரத்தில் இரண்டு நிஷாதத்துக்கும் தனித்தனித் துளை கிடையாது. துளையைப் பாதி மூடும் விரலும் சீவாளியை அணைக்கும் உதடும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு அந்தச் சிறு வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. சின்ன மௌலானா போன்றவர்கள் அதைச் செய்யும்போது காகலி நிஷாதம் ஷட்ஜத்தின் மடியில் சாய்ந்துகொண்டே வரும். எங்கே நிஷாதம் முடிந்து எங்கே ஷட்ஜம் தொடங்கியது என்று கோடு போட முடியாது.

காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு வருவோம். இங்கே ஏ.கே.சி. நடராஜன் கையில் கிளாரினெட். 1931-இல் பிறந்தவர். இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரமும், ஆலத்தூர் வேங்கடேசய்யரிடம் வாய்ப்பாட்டும் கற்றவர். அவர் வாசிப்பைக் கேட்டு ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பட்டம் சூட்டியவர் ராஜரத்தினம் பிள்ளையேதான். மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது 1998-இல் ஸ்ரீரங்கத்துச் சின்ன மௌலானாவுக்கும், 2008-இல் திருச்சி நடராஜனுக்கும் வந்தது. ஒரே ஆற்றின் இரு பக்கமும் இப்படி அமைவது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

கிளாரினெட்டில் சாவிகள் உண்டு. ஆனால் ஏழு துளைகளை மட்டும் விரல் நேராகத் தொட்டு மூடுகிறது. அந்த ஏழு இடத்தில்தான் நாகசுரம் பழகிய விரலுக்கு நிம்மதி. விரலைத் தூக்காமல் துளையின் விளிம்பில் மெல்லச் சரித்துத் திறந்தால் ஜாரு வழிந்து வரும். அமெரிக்காவில் 1924-இல் கெர்ஷ்வின் இசைத்த ‘ராப்சடி இன் ப்ளூ’வின் தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரே ஏற்றத்தை இன்றுவரை கொண்டாடுகிறார்கள். நடராஜனின் தோடியிலும் காம்போதியிலும் அப்படிப்பட்ட ஏற்றமும் இறக்கமும் அடிக்கொரு தடவை வந்துபோகின்றன. அதுவும் வெறும் வழுக்கலாக வருவதில்லை. புறப்படும் சுரமும் போய்ச் சேரும் சுரமும் துல்லியம். இடைவழி எத்தனை வேகம், எந்த இடத்தில் ஒரு சிறு தயக்கம் என்பதிலும் கணக்கு உண்டு.

கிளாரினெட்டின் இன்னொரு அழகு அதன் அடிக்குரல். மந்தர ஸ்தாயியில் இறங்கும்போது அது இருண்டு, மரத்தின் மணத்தோடு ஒலிக்கும். மேலே ஏற ஏறப் பளிச்சென்று வெளுக்கும். நாகசுரத்தில் ஒரு சுரத்துக்குக் கீழே எந்த விரலோ மேலேயும் அதே விரல். மூச்சை இறுக்கினால் அடுத்த ஸ்தாயி. கிளாரினெட்டில் அப்படி இல்லை. கீழே ஒரு விரல் வைப்பு, மேலே வேறொன்று. ஒரு ராகத்தை முழுதாக வாசிக்க இரண்டு வரைபடங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சிக்கல் நடராஜனின் வாசிப்பில் தலைகாட்டுவதே இல்லை. பிருகாக்கள் ஸ்தாயி மாறும் இடத்தைத் தாண்டி ஒரே வீச்சில் போகும்போது, ஒரே குரல்தான் இருண்டும் ஒளிர்ந்தும் பாடுகிறது என்று தோன்றும்.

மூன்றாவதாகச் சாக்ஸபோன். பெல்ஜியத்துக்காரரான அடால்ப் சாக்ஸ் 1846-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் விரல் ஒரு துளையைக்கூடத் தொடுவதில்லை. முத்துச்சிப்பி பதித்த சாவியை அழுத்தினால், எங்கோ தள்ளி ஒரு மூடி திறக்கும், இன்னொன்று மூடும். பாதித் துளை என்ற பேச்சுக்கே இடமில்லை. நாகசுரத்தில் சதை துளையோடு உறவாடுகிறது, கிளாரினெட்டில் பாதி உறவு, சாக்ஸபோனில் அதுவும் போய்விட்டது. விரல் விலக விலக, அதன் வேலையெல்லாம் உதட்டுக்கு வந்து சேர்கிறது. மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத்தின் பெருமை இங்கேதான் விளங்கும். நாகசுரம் வாசித்த தந்தைக்கு மகனாகப் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலேயே கர்நாடக சங்கீதத்தைப் பாட வைத்தவர். 1994-இல் வந்த ‘டூயட்’ படம் அந்தக் குரலைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவருடைய கமகங்களில் ஒன்றை மட்டும் நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள். தோடியின் காந்தாரமாக இருக்கட்டும். அது ஓரிடத்தில் நிற்கும் சுரம் அல்லவே. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடும் உயிர். சாவியை மாற்றி மாற்றி அழுத்தினால் இரண்டு சுரங்கள்தான் கேட்கும், காந்தாரம் கேட்காது. ரீட் வாத்தியத்தில் உதட்டைத் தளர்த்திச் சுரத்தைக் கீழே இறக்குவது எளிது, இறுக்கி மேலே ஏற்றுவது கடினம். ஆகவே மேல் சுரத்தைச் சாவியில் பிடித்து, அதிலிருந்து உதட்டால் தழைந்து இறங்கி, மறுபடி நிமிர வேண்டும். மேற்கே சாக்ஸபோனில் சுரத்தை நடுங்கவிடும் பழக்கம் உண்டு. அது ஒரே அளவில் போய்க்கொண்டிருக்கும் அலங்காரம். கமகத்தின் அசைவோ ராகத்துக்கு ராகம் வேறு, சுரத்துக்குச் சுரம் வேறு. கோபால்நாத்தின் உதடு அந்த வித்தியாசங்களை அறிந்த உதடு. பித்தளைக்குள்ளிருந்து அத்தனை குழைவு வருவதைக் கேட்டால் பிரமிப்பைவிடப் பிரியம்தான் பொங்குகிறது.

விரலும் உதடும் இருந்தால் போதுமா? சாகித்தியம் தெரிந்த வாசிப்புக்குத் தனி ஒளி உண்டு. அரங்கன்மேல் தியாகராஜர் பாடிய ‘ஓ ரங்கசாயி’ காம்போதியில் அமைந்தது. கூப்பிட்டால் குரல் கொடுத்துக்கொண்டு வரக்கூடாதா என்று பெருமாளையே கேட்கும் பாட்டு. நல்ல நாகசுரக்காரர் அதன் முதல் எழுத்தை வாசிக்கும்போது நாக்கால் தட்டித் தொடங்க மாட்டார். அகாரமாக, திறந்த தொண்டையோடு விடுவார். ஏனென்றால் அது ஒரு அழைப்பு. பெயர் வரும் இடத்தில்தான் நாக்கால் தட்டும் துத்துகாரம் மெல்லத் தொடும். அசை எங்கே பிரிகிறதோ அங்கேதான் நாக்கு தொடும், சொல் எங்கே முடிகிறதோ அங்கேதான் மூச்சு எடுக்கப்படும். சொற்கள் காதில் விழாவிட்டாலும் பாட்டுக் கேட்கிறது. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோனில் மென்மைக்குப் பேர்பெற்ற லெஸ்டர் யங்கும், பாட்டின் சொற்கள் தெரியாமல் அதை வாசிக்க விரும்பாதவர். வேங்கடேசய்யரிடம் உட்கார்ந்து வாய்ப்பாட்டுப் படித்த திருச்சிக் கிளாரினெட்காரருக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

மூச்சு எடுக்கும் இடத்தையும் ரசிக்கத்தான் வேண்டும். வயலினுக்கு இல்லாத பாக்கியம் அது. வில் ஓடிக்கொண்டே இருக்கலாம், குழல் நின்றே ஆகவேண்டும். கைதேர்ந்தவர் அந்தக் கட்டாயத்தையே அழகாக மாற்றிக்கொள்கிறார். தைவதத்தில் கேள்வி போல நிறுத்தி, தவிலின் ஒரு சொல்லுக்கு இடம்விட்டு, ஷட்ஜத்தில் பதில் போல வந்து சேர்கிறார். நடுவில் இருந்த அந்த வெற்றிடத்தில் நம் மனம் ஷட்ஜத்தை முன்னதாகவே பாடிவிடுகிறது. வாத்தியம் அப்புறம் வந்து அதை உறுதிப்படுத்துகிறது.

ஓய்வாக ஒரு மாலையில் மூவரின் காம்போதியையும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். குழல் மாறுகிறது, மரம் பித்தளையாகிறது. ஒலியைப் பிறப்பிப்பது மட்டும் மூன்றிலும் நாணல்தான். சாக்ஸபோன் கையில் உள்ளவர்கள் அதன்பின் ‘ச நி ப த ச’வை முதலில் வாயால் பாடட்டும், தங்களுக்கே பிடிக்கும்வரை பாடட்டும். பிறகு உதட்டுக்குக் கொண்டுபோகட்டும். அன்றைக்கு அந்த ஒரு நிஷாதம் கனிந்தால் போதும். மற்றச் சுரங்களை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.