புல்லட் கியர்: குற்றவாளி பெட்டிக்கு வெளியே

பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ முதன்முறை ஓட்டுபவர் பதற்றத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, அடுத்த கியருக்குப் போகும். கியர் வலது பக்கம், பின்பிரேக் இடது பக்கம். முதல் கியருக்கு லீவரைத் தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே மிதிக்க வேண்டும். 1970-களின் நடுவில் அமெரிக்கா இடது பக்க கியரைக் கட்டாயமாக்கியதும் உலகின் பெரும்பாலான கம்பெனிகள் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. திருவொற்றியூரில் உருவான புல்லட் அசையவில்லை. இந்தியாவில் ஐந்து கியரும் இடது பக்க லீவரும் அதில் வரத் தொடங்கியது 2000-க்குப் பிறகுதான். அப்போதும் பழைய முறை சில ஆண்டுகள் கூடவே ஓடியது.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது வந்த வடிவம்தான் இது. 346 சிசி எஞ்சினுக்குப் பின்னால் தனியாகப் போல்ட் போட்டு மாட்டிய நான்கு கியர் பெட்டி. வடிவமைப்பு ஆல்பியன் என்ற ஆங்கிலேயக் கம்பெனியுடையது. இந்தப் பெட்டிக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. கியர் விழவில்லை, நடுவழியில் நியூட்ரல் ஆகிறது, சிக்னலில் நியூட்ரலே கிடைப்பதில்லை என்று மூன்று புகார்கள் எப்போதும் இருக்கும். புகார்கள் உண்மைதான். ஆனால் பெட்டியைப் பிரித்துப் பல்சக்கரங்களை மாற்றிய பிறகும் அதே புகார் தொடர்வதுண்டு, ஏனென்றால் பல வண்டிகளில் கோளாறு பெட்டிக்கு உள்ளேயே இல்லை.

முதல் சந்தேகம் கிளட்ச் மேல் விழ வேண்டும். புல்லட்டின் கிளட்ச் இடது பக்கம் பிரைமரி கேஸுக்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. அதை விலக்கும் நெம்புகோலோ வலது பக்கம் கியர்பாக்ஸ் கவருக்குள் இருக்கிறது. நடுவே மெயின் ஷாஃப்டின் துளை வழியாக ஓடும் புஷ் ராட்தான் இரண்டுக்கும் தொடர்பு. ராடின் முனை தேய்ந்தாலோ, கேபிள் நைந்தாலோ கைப்பிடியை முழுக்க இழுத்தும் பிளேட்டுகள் சரியாகப் பிரியாது. பிரியாத கிளட்சோடு முதல் கியர் போட்டால் 'கடக்' என்று சத்தம் வரும், வண்டி ஒரு துள்ளு துள்ளும், நின்ற இடத்தில் நியூட்ரல் சிக்காது. ஓட்டுபவர் திட்டுவது கியர்பாக்ஸை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்கப் பிடித்தபடி கிக்கரை மிதிக்க வேண்டும். இந்த வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகவும் கிளட்ச் வழியாகவும்தான் எஞ்சினுக்குப் போகிறது. ஆகவே கிளட்ச் நன்றாகப் பிரிந்தால் கிக்கர் லேசாக இறங்கும், எஞ்சின் சுற்றாது. சுற்றினால் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பல நாள் நின்ற வண்டியில் இது சகஜம். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் இப்படியே நாலு மிதி மிதித்தால் பிளேட்டுகள் விட்டுவிடும். அப்படியும் விடாவிட்டால் அட்ஜஸ்ட்மென்ட் பார்க்க வேண்டும், அதற்கு வரிசை முக்கியம்: முதலில் கேபிளைத் தளர்த்தி, கவரின் சிறு மூடிக்குப் பின்னால் உள்ள புஷ் ராட் திருகைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்கி, கடைசியில்தான் கேபிள். கைப்பிடியில் 2–3 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். கேபிளை மட்டும் முறுக்கிக்கொண்டே போவது பலரும் செய்வது, பலன் சில நாளுக்குத்தான். இதையெல்லாம் செய்தும் இழுபறி என்றால் கிளட்ச் கூடையின் பள்ளங்களைப் பார்க்கலாம். பிளேட்டின் பற்கள் அங்கே வெட்டு விழவைத்திருந்தால் பிளேட் நகராமல் மாட்டிக்கொள்ளும்.

கிளட்ச் நன்றாக இருந்தும் கியர் தவறினால் எந்தத் திசையில் தவறுகிறது என்று கவனிக்க வேண்டும். மேலே தூக்கும்போது மட்டும், அல்லது கீழே மிதிக்கும்போது மட்டும் தவறுகிறதா? அப்படியானால் வலது பக்க வெளிக் கவரைக் கழற்றினால் தெரியும் ஸ்டாப்பர் பிளேட்டில்தான் விஷயம். லீவர் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்வது அது. நீள்துளைகளில் அமர்ந்திருப்பதால் தளர்த்தி மயிரிழை நகர்த்தலாம். மயிரிழை என்றால் மயிரிழைதான். கொஞ்சம் கூடிப்போனால் மேல் கியர் சரியாகி, கீழ் கியர் கெட்டுவிடும். மிதித்த லீவர் நடுவுக்குத் திரும்பாமல் தொங்கினால் ரிட்டர்ன் ஸ்பிரிங் போய்விட்டது. அதற்கும் முன்னால் லீவரை ஆட்டிப் பார்ப்பது நல்லது. ஷாஃப்டின் ஸ்ப்லைன் தேய்ந்து லீவர் சறுக்கியதற்காகக் கவரைப் பிரிப்பது வீண் வேலை.

பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டிய நோய் ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும், முறுக்கும்போதோ விடும்போதோ, தானாக வெளியே எகிறினால் பல்சக்கரப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோக்கும் டாக்குகள் முனை மழுங்கியிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும். இதற்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது.

எண்ணெய் விஷயத்தில் ஆல்பியனை மன்னிப்பது கஷ்டம். பெட்டி ஒழுகும். அதனால்தான் பழைய நாளில் இளகிய கிரீஸ் அடைத்தார்கள். பல்சக்கரம் சுற்றச் சுற்ற கிரீஸ் ஓரமாக ஒதுங்கி, தேவைப்படும் இடம் காய்ந்துவிடும். இன்று பலர் ஈபி 90 கியர் ஆயிலுக்கு மாறிவிட்டார்கள். மாற்றம் சரிதான், தரையில் சொட்டு விழும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு குறைக்கும் ஈடாக இந்தப் பெட்டியில் ஒரு சிறு லீவர் இருக்கிறது, நியூட்ரல் ஃபைண்டர். இரண்டு, மூன்று, நான்கு என எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் நேரே நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வேலை செய்யாது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் இதற்கு இணையான வசதி இல்லை என்பது ஆச்சரியம்.

பழைய புல்லட் வாங்கப் போகிறவர் மூன்றாம் கியரில் ஒரு மேட்டில் ஏறி, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு முறுக்க வேண்டும். பிறகு மற்ற கியர்களிலும் அதையே செய்ய வேண்டும். எகிறாமல் நின்றால் மிச்சக் கோளாறெல்லாம் ஒரு கேபிள், ஒரு ஸ்பிரிங், ஒரு மாலை நேர வேலை. எகிறினால் பெட்டி பிரிக்கும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.