பங்கும் வீதமும்: தற்கொலைப் புள்ளிவிவரத்தில் மறையும் தொழிலாளர்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டறிக்கை 1,70,924 தற்கொலைகளைப் பதிவுசெய்கிறது. இலட்சம் பேருக்கு இந்தியாவின் வீதம் 12.4, தமிழ்நாட்டின் வீதம் 25.9. மாநிலங்களுக்கு வீதத்தைத் தரும் அவ்வறிக்கை, தொழில்வாரியாகப் பங்கை மட்டுமே தருகிறது. இறந்தோருள் தினக்கூலித் தொழிலாளர் 26.4 விழுக்காட்டினர் என்கிறது. நாட்டில் தினக்கூலிகள் மொத்தம் எத்தனை பேர் என்பதோடு ஒப்பிடாதவரை, அப்பங்கு அவர்தம் இடர்நிலையை உணர்த்தாது.

மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பகுதியை நோக்குங்கால் இக்குறை மேலும் பெரிதாகிறது. அறிக்கையின் தொழில் வகைப்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்க்கெனத் தனிப்பிரிவு இல்லை. ஆலையில் பணிபுரியும் அவர்கள் சம்பளக்காரராகவோ தினக்கூலியாகவோ கொள்ளப்படலாம். மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஏனைய இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்துள்ளமையால், மாவட்டக் கணக்கிலும் இத்தொழிற்பகுதி ஒன்றாகத் தோன்றுவதில்லை.

இதற்கு மாற்றான முறை தமிழ்நாட்டிலேயே உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் நிகழ்த்தி, 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, 10–19 வயதினரின் தற்கொலை வீதம் இலட்சத்துக்குப் பெண்களிடையே 148, ஆண்களிடையே 58 எனக் கண்டது. மக்கள்தொகையும் இறப்புகளும் ஒருங்கே பதிவானமையாலேயே இளம்பெண்களின் இடர் அங்கு வெளிப்பட்டது. அத்தகைய கணக்கெடுப்பு இத்தொழிற்பகுதிக்கும் தேவை. யாருக்கு இடர் மிகுதி என அறியாமல் வகுக்கப்படும் தடுப்புத் திட்டம் உரியவரைச் சென்றடையாது.